பதினெட்டு முடிந்த பிள்ளைகள் தாங்களே லைசென்ஸ் எடுப்பது எப்படி

தஞ்சாவூருக்குப் பக்கத்தில், வெண்ணாற்றங்கரையை ஒட்டிய ஊர் எனக்கு. பதினோரு வருஷமாக ஒரு சின்ன ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநராக இருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, புள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. காலேஜ் திறக்கறதுக்குள்ள ஒரு லைசென்ஸ் எடுத்துக் குடுத்துருங்க." எல்லா அம்மாக்களும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். எடுத்துக் குடுத்துருங்க.

நான் எடுத்துக் கொடுப்பதில்லை. விண்ணப்பத்தில் பெயரை அடிப்பதிலிருந்து மைதானத்தில் எட்டு போடுவது வரை எல்லாம் அந்தப் பிள்ளையின் கையால் நடக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். லைசென்ஸ் வந்துவிட்டால் அப்புறம் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தப் போவதில்லை. திருத்துவதற்கு ஆள் இருக்கும் காலம், எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் கையில் இருக்கும் அந்தச் சில மாதங்கள்தான். அதை யாரோ ஒருவர் அவசரத்தில் சுருக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அம்மா அப்பாவும் படிக்கலாம், ஆனால் நான் பேசுவது பிள்ளைகளோடு.

பதினாறா, பதினெட்டா?

"பதினாறு வயசுக்கே லைசென்ஸ் உண்டாமே அக்கா" என்று வருஷத்துக்குப் பத்துப் பேராவது கேட்கிறார்கள். உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், பதினாறு முடிந்தவர்கள் 50 சி.சி.க்கு மேல் போகாத இருசக்கர வண்டியைப் பெற்றோரின் எழுத்து ஒப்புதலோடு ஓட்டலாம் என்று இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பாருங்கள். ஆக்டிவா 110 சி.சி.க்குப் பக்கம். தாத்தா உர மூட்டை ஏற்றிப் போகும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 பெயரிலேயே நூறு என்று சொல்கிறது. அம்மாவின் பழைய ஸ்கூட்டி பெப்கூட 50 சி.சி.யைத் தாண்டியதுதான். அந்தப் பதினாறு வயது உரிமத்தை வைத்துக்கொண்டு இவற்றில் எதை எடுத்தாலும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு. அதனால் நம் ஊர் நடைமுறைக்குப் பதினெட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி வண்டிக் கடைகளில் "லைசென்ஸ் வேண்டாம்" என்று எழுதி வைத்திருப்பார்கள். மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் மட்டும் அது உண்மை. அதற்கு மேல் போகும் பேட்டரி வண்டி எல்லாவற்றுக்கும் நம்பர் பிளேட்டும் உரிமமும் வேண்டும். கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு வண்டியின் ஆவணத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள்.

பதினெட்டுக்கு முன்னால் ஓட்டினால் என்ன ஆகும் என்பதை என் அக்கா வீட்டிலேயே பார்த்தேன். அவள் மகனுக்கு அப்போது பதினேழு. டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று அப்பா வண்டியை எடுத்துப் போனான். மாசிக் கடைசி, உளுந்து அறுப்பு. கதிரடிக்கச் செடியைச் சாலையில் பரப்பி வைத்திருந்தார்கள். அதில் ஏறியதும் முன் பிரேக்கைப் பிடித்திருக்கிறான். வண்டி சறுக்கி, எதிரே சைக்கிளில் வந்த பெரியவர் மேல் போய் விழுந்தது. இவனுக்குத் தோள் எலும்பு, பெரியவருக்குக் கால். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லை என்பதால் வண்டியைச் சரிசெய்த செலவில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. பெரியவரின் வைத்தியத்துக்கு அக்கா வளையலை வைத்தாள். அவன் இன்றைக்கும் "சித்தி, அந்தத் தாத்தா முகம் கண்ணுக்குள்ளயே நிக்குது" என்பான்.

சட்டம் இதில் பெற்றோரையும் விடுவதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பதினெட்டுக்குக் கீழே உள்ளவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் அப்பா அம்மா அல்லது வண்டிக்கு உரியவர்தான் குற்றவாளி. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இந்தக் கடைசி வரியைச் சொன்னால்தான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஒரு நாள் அவசரத்துக்கு ஏழு வருஷம்.

காத்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டியது

பதினேழரை வயதில் இருந்தால் இந்த வேலையை இப்போதே பாருங்கள். ஆதாரையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். நம் ஊரில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல்தான். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால். ஒன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், இன்னொன்றில் ஒற்றை எழுத்து. பிறந்த தேதியே மாறி இருப்பதும் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது ஜூன் மாதத் தேதி ஒன்றைச் சொல்லிச் சேர்த்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. இதைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் பிறந்தநாளுக்கு மூன்று நான்கு மாதம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். ஆதாரோடு எந்தப் போன் எண் இணைந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். அது அப்பாவிடம் இருந்து, அப்பா துபாயில் இருந்தால், நள்ளிரவில் அவரை எழுப்ப வேண்டியிருக்கும்.

அடுத்தது கண். விண்ணப்பத்தோடு உடல்தகுதி குறித்து நீங்களே கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழி ஒன்று இருக்கிறது. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்று அதில் கேட்கிறார்கள். கண்ணாடி போட்டுப் படித்தாலும் சரி. பெரும்பாலோர் யோசிக்காமல் 'ஆம்' என்று தட்டிவிடுவார்கள். நான் விடமாட்டேன். நீளமான தப்படியாக முப்பது தப்படி வைத்தால் கிட்டத்தட்ட அந்தத் தூரம் வரும். தெருவில் நிற்கும் ஒரு காரிலிருந்து அப்படி நடந்துபோய்த் திரும்பிப் படிக்கச் சொல்வேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் நின்று நின்று பார்த்துவிட்டு, "அக்கா, டி.என். மட்டும் தெரியுது" என்றாள். வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தே பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள், பவர் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த முதல் நாள், மரத்தில் இலை தனித்தனியாகத் தெரிகிறது என்று அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. நிறம் பிரித்துப் பார்ப்பது பற்றியும் உறுதிமொழியில் கேள்வி உண்டு. நிறக்குறைபாடு லேசாகவோ நடுத்தரமாகவோ இருப்பவர்களுக்கு 2020 ஜூனிலிருந்து வழி திறந்திருக்கிறது. மறைக்காமல் கண் மருத்துவரிடம் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ரத்த வகை எழுதவும் விண்ணப்பத்தில் இடம் இருக்கிறது. தெரியாவிட்டால் அரசு மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம்.

எல்.எல்.ஆர்.

பதினெட்டு முடிந்த மறுநாளே விண்ணப்பிக்கலாம். பரிவாஹன் இணையதளத்தில் சாரதி என்ற பகுதிக்குப் போய், தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, பழகுநர் உரிமத்துக்கான விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். வீட்டில் இணைய வசதி சரியில்லை என்றால் இ-சேவை மையத்திலும் செய்து தருகிறார்கள். மையத்தில் செய்தாலும் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கட்டத்தையும் நீங்களே படியுங்கள். தட்டச்சு செய்பவருக்கு உங்கள் தெருப்பெயர் தெரியாது.

எந்த வண்டிக்கு என்று கேட்கும் இடத்தில் நிதானியுங்கள். கியர் இல்லாத இருசக்கரம், கியர் உள்ள இருசக்கரம், இலகுரக வாகனம் என்று தனித்தனி வகை இருக்கும். இலகுரக வாகனம் என்றால் கார். பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வீட்டிலேயே "ஸ்கூட்டி போதும்" என்று முடிவு செய்து கியர் இல்லாததைப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் சம்மதம் கிடையாது. கியர் உள்ளதற்கு உரிமம் வாங்கினால் ஸ்கூட்டியும் ஓட்டலாம். ஸ்கூட்டிக்கு மட்டும் வாங்கினால் நாளைக்கு வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போய், பைக் மட்டும் நிற்கும்போது கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பத்து நாள் கூடுதலாகப் பழகினால் கியர் வந்துவிடும். பெண்களுக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், என்னிடம் பழகியவர்களில் கிளட்சை மென்மையாக விடுபவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். முடிந்தால் காரையும் சேர்த்தே போடுங்கள். ஒரே விண்ணப்பம், ஒரே அலைச்சல்.

கட்டணம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போனால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி எல்.எல்.ஆருக்கு ஒவ்வொரு வகைக்கும் 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50 ரூபாய். பிறகு ஓட்டுத் தேர்வுக்கு வகைக்கு 300, உரிம அட்டைக்கு 200. இதோடு மாநிலத்தின் சேவைக் கட்டணம் கொஞ்சம் சேரும். எல்லாம் இணையத்திலேயே கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கும் புரோக்கர் ஆயிரக்கணக்கில் கேட்டால் அந்த மீதி எதற்கு என்று கேளுங்கள்.

ஆதார் வழியாக விண்ணப்பித்தால் எல்.எல்.ஆர். தேர்வை வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம். உங்கள் படமும் முகவரியும் ஆதாரில் உள்ளபடியே வரும். அந்த வழி வேண்டாம் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் எழுதலாம். கேள்விகள் தமிழிலும் இருக்கும். நூற்றுக்கு அறுபது சரியாக இருந்தால் தேர்ச்சி. வீட்டில் எழுதும்போது அண்ணனை உட்கார வைத்துவிடும் வேலை மட்டும் வேண்டாம். நான் கெஞ்சியே கேட்கிறேன். அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் சாலையில் உங்கள் முன்னால் வந்து நிற்கப் போகிறவை.

படிப்பது கஷ்டமே இல்லை. சின்னங்களை வடிவத்தால் பிரித்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளிம்பு வட்டம் என்றால் கட்டளை, மீறினால் குற்றம். முக்கோணம் என்றால் எச்சரிக்கை. நீலச் செவ்வகம் என்றால் தகவல். எண்கோணம் 'நில்' ஒன்றுக்கு மட்டும். தலைகீழ் முக்கோணம் 'வழிவிடு'. கும்பகோணம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அய்யம்பேட்டை, பாபநாசம் வரை வரும் பலகைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனால் ஒரே பயணத்தில் பாதி மனப்பாடம் ஆகிவிடும். முந்துவது வலப்பக்கம். ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழி. மலைச்சாலையில் ஏறி வருபவருக்கு முன்னுரிமை. எதிரே வண்டி வந்தால் ஹெட்லைட்டைத் தாழ்த்த வேண்டும். விபத்து நடந்தால் நிற்க வேண்டும், அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், போலீசுக்குச் சொல்ல வேண்டும். அடிபட்டவரைத் தூக்கிப்போய்ச் சேர்ப்பவருக்கு எந்தத் தொல்லையும் வரக் கூடாது என்று 2019 திருத்தத்தில் தனிப் பாதுகாப்பே இருக்கிறது. இதை நான் தேர்வுக்காகச் சொல்லித்தருவதில்லை.

அந்த முப்பது நாளும், அதற்கு மேலும்

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். வாங்கி 30 நாள் முடிந்த பிறகே ஓட்டுத் தேர்வுக்குப் போக முடியும். ஆக, பதினெட்டாவது பிறந்தநாளிலிருந்து எவ்வளவு வேகமாக ஓடினாலும் லைசென்ஸுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். முப்பத்தோராம் நாளே தேர்வுக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லை. நான் இரண்டு மாதம் கேட்பேன்.

வண்டியின் முன்னும் பின்னும் எல் போர்டு இருக்க வேண்டும். 18 சென்டிமீட்டர் சதுர வெள்ளை, அதில் குறைந்தது 10 சென்டிமீட்டர் உயரத்தில் சிவப்பு எழுத்து. ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும். அட்டையில் நீங்களே வரைந்தாலும் போதும். லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும், காரில் என்றால், தேவைப்படும்போது தானே வண்டியை நிறுத்த வசதியான இருக்கையில் அவர் உட்கார வேண்டும். பைக்கில் கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. எல்.எல்.ஆர். வந்த அன்றே தோழியை ஏற்றிக்கொண்டு பெரிய கோயிலுக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூடாது, அவ்வளவுதான்.

நான் பழக்கும் முறையைச் சொல்கிறேன். முதல் வாரம் சாலையே கிடையாது. எங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் அரிசி ஆலைக்குப் பின்னால் நெல் காயவைக்கும் சிமென்ட் களம் ஒன்று இருக்கிறது. அங்கே கோலமாவால் பெரிய எட்டு ஒன்று போடுவேன். முதல் இரண்டு நாள் இன்ஜினைப் போடாமலே வண்டியை உருட்டி அந்தக் கோட்டின் மேல் நடக்க வேண்டும். வண்டியின் எடை எந்தப் பக்கம் சாயும்போது எப்படி இழுக்கும் என்று கைக்குத் தெரிந்துவிடும். மூன்றாம் நாள் முதல் கியரில் மெதுவாக. எட்டில் விழுபவர்கள் எல்லாரும் ஒரே காரணத்தால்தான் விழுகிறார்கள். முன் சக்கரத்தைப் பார்க்கிறார்கள். கண் போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும். வளைவில் நுழையும்போதே தலையைத் திருப்பி, வெளியே வரப்போகும் இடத்தைப் பாருங்கள். ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாக, ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடினால் பாதி கிளட்சும் பின் பிரேக்கில் ஒரு சின்ன அழுத்தமும். வளைவில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது. ஸ்கூட்டியில் கிளட்ச் இல்லை, அதனால் இடது கைப் பின் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே திருப்பப் பழகுங்கள். மாவு கலைந்துவிட்டால் மறுநாள் எட்டைக் கொஞ்சம் சின்னதாகப் போடுவேன். பத்தாம் நாளில், தேர்வில் வரப்போவதை விடச் சின்ன எட்டில் கால் ஊன்றாமல் சுற்றுவார்கள். அப்புறம் தேர்வு மைதானம் அவர்களுக்கு அகலமாகத் தெரியும்.

கை சைகையும் அங்கேயே. வலக்கையை நீட்டினால் வலம். நீட்டிய கையை இடஞ்சுழியாகச் சுற்றினால் இடம். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைக்கிறேன் என்று பொருள். முன்கையை நிமிர்த்தினால் நிற்கப் போகிறேன். ஆக்சிலேட்டரிலிருந்து வலக்கையை எடுக்கும்போது வண்டி ஆடும், அதனால் நேராகப் போகும்போதே காட்டிவிட்டு, கை திரும்பிய பிறகு வளையுங்கள்.

இரண்டாம் வாரம் காலை ஆறு மணிக்கு கிராமச் சாலை. மூன்றாம் வாரம் பள்ளி விடும் நேரத்தில் கடைத்தெரு. அப்புறம் இருட்டியபின் ஒரு நாள், தூறலில் ஒரு நாள். தேர்வில் மழையும் இருட்டும் வராது, ஆனால் எங்கள் பக்கத்துச் சாலையில் வரும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், நடுவில் ஒன்றரை வண்டி அகலம். அறுப்புக் காலத்தில் எதிரே கதிர் அறுக்கும் இயந்திரம் வந்தால், வாய்க்கால் மதகு இருக்கும் அகலமான இடத்தில் நாம்தான் முன்கூட்டியே நிற்க வேண்டும். சாலையில் நெல்லோ உளுந்தோ கிடந்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, மேலே ஏறிய பிறகு பிரேக்கும் வேண்டாம் திருப்பமும் வேண்டாம், நேராக உருண்டு கடந்துவிடுங்கள். என் அக்கா மகனுக்கு இதை யாரும் முன்னால் சொல்லியிருக்கவில்லை.

கார் பழகுபவர்கள் பள்ளியில் சேரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை மணி நேரம் ஸ்டியரிங் என் கையில் இருக்கும்? சொந்த வாகனம் ஓட்டப் பயிற்சி தரும் பள்ளி, குறைந்தது 21 நாள் நடத்தி அதில் 10 மணி நேரமாவது உண்மையில் ஓட்ட வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. யார் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று எழுதும் பதிவேடும் பள்ளியில் இருக்க வேண்டும். வெளியூரில் படித்த ஒரு பையன் அங்கே ஏதோ ஒரு பள்ளியில் ஏழாயிரம் கட்டி, மூன்றே நாள் வண்டியில் உட்கார்ந்து லைசென்ஸ் வாங்கி வந்துவிட்டான். எட்டு மாதம் கழித்து என்னிடம் வந்து, "அக்கா, எனக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது, மேட்டுல நிறுத்தி எடுக்கத் தெரியாது" என்றான். கார்டு இருக்கிறது, சட்டப்படி குறை இல்லை. அவன் கண்ணில் இருந்த பயம்தான் எனக்கு வருத்தமாக இருந்தது. ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் விடியற்காலையில் அவனை ஒரு வாரம் பழக்கினேன். கைப்பிரேக் போட்டு நிறுத்தி, கிளட்ச் பிடிக்கும் இடத்தில் வண்டி லேசாக நடுங்குவதைக் காலால் உணர்ந்து, அப்புறம் கைப்பிரேக்கை விட வேண்டும். இதை நாற்பது ஐம்பது தடவை செய்தால் கால் தானாகச் செய்யும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

சொந்த வண்டிக்கு லைசென்ஸ் எடுக்கப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளியில் வேலை பார்ப்பவள்தான், ஆனாலும் உண்மை அதுதான். பொறுமையான மாமாவோ அத்தையோ இருந்தால் அவர்களிடம் பழகலாம். பொறுமை இல்லாத அப்பாவிடம் வேண்டாம். கத்துபவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளையின் கவனம் சாலையில் இருக்காது.

தேர்வு நாள்

தேதியையும் நேரத்தையும் இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். அரை மணி நேரம் முன்னால் போங்கள். எல்.எல்.ஆர்., கட்டிய ரசீது, ஓட்டப்போகும் வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் ஒரே கோப்பில். எந்த வகைக்கு விண்ணப்பித்தீர்களோ அந்த வகை வண்டியைத்தான் கொண்டுபோக வேண்டும். முந்தின நாள் மாலையே இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, ஹாரன், கண்ணாடி எல்லாம் பாருங்கள். எல் போர்டைக் கழற்றிவிடாதீர்கள். ஹெல்மெட்டின் பட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். செருப்பை விட ஷூ நல்லது. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள்.

தேர்வு எடுப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஊரில் இன்றும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் சொல்கிறோம். அவரைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. வணக்கம் சொல்லுங்கள், அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள், புரியாவிட்டால் "சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேளுங்கள். வண்டியை எடுக்கும் முன் கண்ணாடி பார்ப்பது, இண்டிகேட்டர் போடுவது, தோளுக்கு மேலே ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது. இவற்றை அவர் பார்க்கும்படி தெளிவாகச் செய்யுங்கள். காரில் ஏறியதும் முதல் வேலை சீட் பெல்ட்.

எட்டில் கால் ஊன்றிவிட்டால் உலகம் முடிந்துவிடாது. தேர்வில் தவறியவர் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று தடவை தவறினால் மட்டும் 60 நாள் காத்திருக்க வேண்டும். என்னிடம் பழகிய ஒரு பெண் இரண்டு தடவை தவறி, மூன்றாவதில் தேர்ச்சி பெற்றாள். இடையில் அவள் அப்பா "யாரையாவது பார்த்துக் குடுத்துடலாம்" என்று பணத்தோடு நின்றார். அவள்தான் வேண்டாம் என்றாள். அந்த ஏழு நாளும் விடியலில் களத்துக்கு வந்து, தானே கோலமாவு போட்டு, தானே சுற்றினாள்.

தேர்ச்சி பெற்றால் அட்டை விரைவுத் தபாலில் வீட்டுக்கு வரும். ஆபீஸில் கையில் தருவதில்லை. அதனால்தான் முகவரியில் கதவு எண், தெரு, பின்கோடு, போன் எண் சரியாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே படுத்தினேன். வீடு பூட்டிக் கிடந்தால் திரும்பிப் போய்விடும், தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அட்டை வரும் முன்பே டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹன் செயலியிலோ உங்கள் உரிமம் தெரிந்துவிடும், போலீஸ் கேட்டால் அதைக் காட்டினாலே செல்லும். உங்கள் வயதில் எடுப்பவர்களுக்கு 40 வயது வரை புதுப்பிக்கத் தேவை இல்லை.

முதல் மூன்று மாதத்துக்கு என் பிள்ளைகளிடம் நான் கேட்பவை இவை. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட். இரண்டு பேருக்கு மேல் ஏற வேண்டாம். இரவு ஒன்பதுக்கு மேல் தனியாக நெடுஞ்சாலை வேண்டாம். போன் பைக்குள். திருச்சி நான்குவழிச் சாலையில் முதல் தடவை ஏறும்போது அனுபவம் உள்ள ஒருவர் கூட இருக்கட்டும். அந்த வேகத்தில் கண்ணாடியில் புள்ளியாகத் தெரியும் பஸ் எத்தனை நொடியில் பக்கத்தில் வரும் என்று சொல்லிப் புரிய வைக்க முடியாது, பார்த்துத்தான் பழக வேண்டும்.

எல் போர்டைக் கழற்றியபின் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தங்கச்சிக்கோ பக்கத்து வீட்டுப் பையனுக்கோ ஆகும். எங்கள் களத்தில் இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் வண்டியில் இருப்பது, மூன்று தடவை தேர்வெழுதிய அந்தப் பெண் விட்டுப்போன போர்டுதான்.